விலங்குகளுக்கும் ஒரு வழி: சாலை மேல் பச்சைப் பாலம், அதன் வடிவமும் செலவும்

ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கிருஷ்ணகிரி, சேலம், கரூர், மதுரை, திருநெல்வேலி என்று ஓடி கன்னியாகுமரியில் முடியும் சாலை எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள்: என்.எச். 44. ஸ்ரீநகரில் தொடங்கும் இதே சாலை, நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டில் தரையை விட்டு எழுந்து தூண்கள் மேல் போகிறது. கீழே பெரிய ஆறு கிடையாது, ரயில் பாதை கிடையாது, ஊர்ச் சந்திப்பும் கிடையாது. அப்புறம் எதுக்கு பாலம்? புலியும் மானும் கடந்து போகத்தான்.

"விலங்குக்கெல்லாம் பாலமா? அந்தக் காசுல நமக்கு ரெண்டு ஊருக்கு ரோடு போடலாமே" என்று தோன்றுவது இயல்பு. நியாயமான கேள்விதான். பொதுமக்கள் பணம் என்றால் கணக்கு கேட்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்தப் பாலங்களுக்கு எவ்வளவு செலவாகிறது, எதனால் ஆகிறது, எப்படிக் கட்டினால் விலங்கு பயன்படுத்தும், எப்படிக் கட்டினால் காசு வீண், இதில் உங்கள் கைப்பேசிக்கு என்ன வேலை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெஞ்சில் என்ன நடந்தது?

நாக்பூர் – சிவனி இடையே என்.எச். 44 நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டபோது, அது பெஞ்ச் காட்டின் ஊடாகப் போக வேண்டியிருந்தது. வழக்குகள் நடந்தன, பணி பல ஆண்டு தாமதமானது. கடைசியில், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆலோசனையோடு, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகள் சாலைக்கு அடியில் கடக்க 9 அமைப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் 5 விலங்குகளுக்கென்றே கட்டிய கீழ்வழிகள், 4 சிறு பாலங்கள். சாலை நெடுக அளந்தால் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை நீளம்.

கட்டி முடித்ததும் விட்டுவிடவில்லை. 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை தானியங்கி கேமராக்களை வைத்துக் கண்காணித்தார்கள். 18 வகைக் காட்டு விலங்குகள் அந்தப் பாலங்களுக்கு அடியில் நடந்து போனது பதிவானது. புலி மட்டும் 89 தடவை. உடம்பில் உள்ள வரிகளை வைத்து அடையாளம் பார்த்ததில் 11 தனித்தனிப் புலிகள். புள்ளிமான், காட்டுப்பன்றி, செந்நாய் எல்லாம் மேலே லாரி ஓட ஓட கீழே போய்க்கொண்டிருந்தன.

அதாவது, ஒழுங்காகக் கட்டினால் விலங்கு பயன்படுத்துகிறது. அந்த "ஒழுங்காக" என்ற வார்த்தைக்குள்தான் விஷயமே இருக்கிறது.

மேலே போவதா, கீழே போவதா?

விலங்குகளுக்கான கடவழிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேல்வழி. சாலைக்கு மேல் அகலமான பாலம் கட்டி, அதன் மேல் மண் போட்டு, செடி கொடி வளர்த்து, இரண்டு பக்கக் காட்டையும் இணைப்பது. இதைத்தான் பச்சைப் பாலம் என்கிறோம்.

இரண்டாவது, கீழ்வழி. சாலையைத் தூண்கள் மேல் ஏற்றிவிட்டு, தரையை விலங்குக்கு விட்டுவிடுவது. பெஞ்ச் இந்த வகை. சின்ன அளவில், ஓடைக்கு மேல் இருக்கும் சிறுபாலத்தின் ஓரமாகத் தண்ணீர் ஏறாத ஒரு திட்டு அமைத்தாலே கீரி, முள்ளம்பன்றி, மரநாய் போன்றவை போய்விடும்.

மூன்றாவது, மரவழி. மரத்துக்கு மரம் தாவும் விலங்குகளுக்கு, சாலைக்கு மேலே குறுக்காகக் கட்டப்படும் தொங்கு பாலம்.

எது நல்லது? அது யார் கடக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 6 மேல்வழிகளும் 38 கீழ்வழிகளும் இருக்கின்றன. உலகத்திலேயே அதிக காலம் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட இடங்களில் இது ஒன்று. அங்கே தெரிய வந்தது என்ன தெரியுமா? பழுப்புக் கரடியும் பெரிய மான்களும் திறந்த வெளியான, அகலமான மேல்வழிகளை விரும்பின. கருங்கரடியும் மலைச் சிங்கமும் குறுகலான, மறைவான கீழ்வழிகளை விரும்பின. ஒரே காட்டில் இருக்கும் விலங்குகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் "ஒரு பாலம் போட்டாச்சு, எல்லாம் அதுல போகட்டும்" என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் முதல் மேல்வழிகள் டெல்லி – மும்பை விரைவுச்சாலையில் வந்திருக்கின்றன. ராஜஸ்தானில் ரண்தம்போர் புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதி வழியே அந்தச் சாலை சுமார் 12 கி.மீ. போகிறது. அந்த 12 கி.மீ.க்குள் 5 மேல்வழிகள், ஒவ்வொன்றும் 500 மீட்டர். கூடவே 1.2 கி.மீ. நீளத்தில் ஒரு கீழ்வழி. மற்ற இடங்களில் விலங்கு சாலைக்குள் வராதபடி 4 மீட்டர் உயரச் சுவர்.

வடிவமைப்பில் ஐந்து விஷயங்கள்

ஒரு கடவழி வேலை செய்யுமா செய்யாதா என்பதை ஐந்து விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

1. திறந்த தன்மை. கீழ்வழியின் வாயில் நின்று பார்க்கும் மானுக்கு மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டுக் குகை மாதிரி இருந்தால் திரும்பிப் போய்விடும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அகலத்தை உயரத்தால் பெருக்கி, விலங்கு நடக்க வேண்டிய தூரத்தால் வகுக்க வேண்டும். 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், நடக்கும் தூரம் 25 மீட்டர் என்றால் விடை 2. அதே சாலை பின்னாளில் அகலமாகி, நடக்கும் தூரம் 50 மீட்டர் ஆனால் விடை 1. பாலத்தை யாரும் தொடவில்லை, ஆனால் விலங்கின் கண்ணுக்கு அது பாதியாகக் குறுகிவிட்டது. இரண்டு பக்கச் சாலைகளுக்கும் நடுவே இடைவெளி விட்டு வெளிச்சம் இறங்க வைப்பது இதற்கு ஒரு தீர்வு. யானை போகும் இடம் என்றால் உயரமும் அகலமும் இன்னும் தாராளமாக வேண்டும். தலை இடிக்காமல் நுழைய இடம் இருந்தால் மட்டும் போதாது. குட்டியோடு வரும் கூட்டம் அடைபட்ட இடத்துக்குள் இறங்கத் தயங்கும்.

2. மண்ணின் கனம். மேல்வழியின் செலவு ஏன் அதிகம் என்பதற்கு விடை இங்கே. சிங்கப்பூரில் புக்கித் தீமா விரைவுச்சாலைக்கு மேல் ஒரு பச்சைப் பாலம் இருக்கிறது. 62 மீட்டர் நீளம், குறுகலான இடத்தில் 50 மீட்டர் அகலம். இந்த அளவுள்ள ஒரு பாலத்தில் 1 மீட்டர் ஆழத்துக்கு மண் போட்டால் என்ன ஆகும்? 3,100 கன மீட்டர் மண். ஈர மண் ஒரு கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 5,580 டன். 15 டன் ஏற்றும் டிப்பரில் 370 நடைக்கு மேல்! அவ்வளவு கனமும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிரந்தரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். வாகனம் ஓடும் மேம்பாலத்தில் பாரம் வந்து வந்து போகும். இதில் போகவே போகாது. அதைத் தாங்கும் தூணும் தளமும், தண்ணீர் தேங்காமல் வடியும் அமைப்பும், கசிவு தடுக்கும் பூச்சும் வேண்டும்.

3. வேலி. கடவழியை விட அதற்குப் போகும் வேலிதான் முக்கியம் என்று சொன்னால் நம்புவீர்களா? வேலி இல்லாத பாலம், கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்கின கதைதான். பெரிய பாலூட்டிகள் மோதும் விபத்துகளைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 5 கி.மீ.க்குக் குறைவான வேலி இருந்த சாலைகளில் விபத்து சராசரியாக 53 சதவீதம் அளவுக்கே குறைந்திருந்தது. 5 கி.மீ.க்கு மேல் வேலி இருந்த இடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. குட்டை வேலியைச் சுற்றிக்கொண்டு விலங்கு சாலைக்கு வந்துவிடும் என்பதே காரணம். தப்பித்தவறி வேலிக்குள் மாட்டிக்கொண்ட விலங்கு வெளியே குதிக்க, உள்பக்கம் சரிவும் வெளிப்பக்கம் செங்குத்துமாக மண்மேடுகள் இடையிடையே வேண்டும். யானைக்குச் சாதாரண வேலி ஒரு பொருட்டே இல்லை. அதனால் யானைக் காட்டில், அவை காலங்காலமாக நடக்கும் தடத்திலேயே கடவழி அமைய வேண்டும். தள்ளிக் கட்டிவிட்டு "இந்தப் பக்கமா வா" என்று கூப்பிட முடியாது.

4. வெளிச்சமும் சத்தமும். லாரியின் முகப்பு விளக்கும் ஏர் ஹாரனும் கேட்டால் எந்த விலங்கும் அருகில் வராது. அதனால் மேல்வழியின் இரண்டு ஓரத்திலும் மறைப்புச் சுவரோ மண்மேடோ அடர்ந்த செடிகளோ வேண்டும். பெஞ்ச் காட்டின் மத்தியப் பிரதேசப் பகுதியில் கீழ்வழிகளுக்கு மேலே ஓடும் சாலையின் ஓரங்களில் சத்தத்தையும் ஒளியையும் தடுக்கும் தடுப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நடும் செடியும் அந்த மண்ணின் செடியாக இருக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அரளியும் குரோட்டன்ஸும் வைத்தால் மான் என்ன செய்யும்?

5. இரண்டு கரையும். பாலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுகரையில் இறங்கினால் காடு இருக்க வேண்டும். அங்கே தங்கும் விடுதியும் மின்வேலியும் இருந்தால் கட்டிய பணம் தண்ணீரில் போட்டதுதான். நீலகிரி மாவட்டத்தின் சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்ததை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அங்கே பாலம் எதுவும் பேச்சில் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: வழி என்பது இரண்டு பக்கமும் திறந்திருக்கும் நிலம். பாலம் அதில் ஒரு துண்டு மட்டுமே.

செலவு: 2 லட்சத்திலிருந்து ஆயிரம் கோடி வரை

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். உலகத்தில் இதற்கு ஒரே விலை கிடையாது. கீழே உள்ளதைப் பாருங்கள். ரூபாய் மதிப்பெல்லாம் இன்றைய மாற்று விகிதத்தில் தோராயமானவை.

உத்தராகண்ட், காலாதுங்கி – நைனிதால் சாலை: ஊர்வன, அணில் போன்ற சிறு விலங்குகளுக்காக மூங்கில், சணல், புல் கொண்டு 2020-இல் வனத்துறை கட்டிய 90 அடி தொங்கு பாலம். செலவு சுமார் 2 லட்சம் ரூபாய்.

கென்யா, கென்ய மலை அடிவாரம்: யானைகளுக்காக ஒரு சாலைக்கு அடியில் அமைத்த கீழ்வழி. சுமார் இரண்டரை லட்சம் டாலர், அதாவது 2 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். 2011 தொடக்கத்தில் முதல் யானை அதன் வழியாகப் போனது.

சிங்கப்பூர், புக்கித் தீமா: மேலே சொன்ன பச்சைப் பாலம். சுமார் 1.6 கோடி சிங்கப்பூர் வெள்ளி, நூறு கோடி ரூபாய் அளவில். 2013-இல் திறக்கப்பட்டது.

நெதர்லாந்து, கிரைலோ: சாலை, ரயில் பாதை, விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும் 800 மீட்டர் நீளப் பச்சைப் பாலம். ஒன்றரைக் கோடி யூரோவுக்குச் சற்று குறைவு, சுமார் 140 கோடி ரூபாய். 2006-இல் திறக்கப்பட்டது.

அமெரிக்கா, லாஸ் ஏஞ்சலஸ் அருகே அகோரா ஹில்ஸ்: தினமும் 3 லட்சம் வாகனங்கள் ஓடும் 10 தடச் சாலைக்கு மேல் கட்டப்படும் வாலிஸ் ஆனன்பர்க் கடவழி. 2022 ஏப்ரலில் பணி தொடங்கியபோது மதிப்பீடு 9 கோடி டாலர் அளவில் இருந்தது. விலைவாசி ஏறி, பிறகு அது 11 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆயிரம் கோடி ரூபாயை நெருங்கும் தொகை. இதில் ஒரு பகுதி தனியார் நன்கொடை.

ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு? தாண்ட வேண்டிய தடங்கள் எத்தனை, பாலத்தின் அகலம் எவ்வளவு, மேலே எவ்வளவு மண், வேலி எத்தனை கி.மீ., நிலம் வாங்க வேண்டுமா, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டுமா என்பவைதான் காரணங்கள். இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. நம் எல்லோருக்கும் முக்கியமானது அதுதான்.

எப்போ கட்டறோம் என்பதுதான் பெரிய செலவு

சிங்கப்பூரின் புக்கித் தீமா விரைவுச்சாலை 1986-இல் திறக்கப்பட்டது. அது ஒரு பெரிய காட்டை இரண்டாக வெட்டியது. அப்போது பாலம் கட்டவில்லை. அப்புறம் வருடா வருடம் எறும்புத்தின்னிகள் அந்தச் சாலையில் அடிபட்டன. பாலம் வந்தது 27 ஆண்டு கழித்து. அதுவும் எப்படி? வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடத்தை மாற்றி மாற்றி விட்டு, இரவில் சாலையை மூடி வேலை செய்து கட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கதையும் இதேதான். பத்து தடம் ஓடும் சாலையை நிறுத்தாமல் அதன் தலைக்கு மேல் கட்ட வேண்டியிருப்பது செலவை ஏற்றும் காரணங்களில் ஒன்று.

வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒயரிங் குழாய் போடுவதற்கும், பூசி வெள்ளையடித்த பிறகு சுவரை வெட்டிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். இதுவும் அதே மாதிரிதான். புதுச் சாலை போடும்போதோ, இருக்கும் சாலையை அகலப்படுத்தும்போதோ கடவழியைச் சேர்த்துவிட்டால், மண் வேலை, ஜல்லி, இயந்திரம், போக்குவரத்து மாற்றம் எல்லாம் ஒரே செலவில் அடங்கும். மேட்டுப் பகுதியை வெட்டிச் சாலை போகும் இடத்தில் இரண்டு கரையும் தானாகவே உயரமாக இருக்கும். அங்கே மேல்வழி எளிது. பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் மண்கொட்டி நிரப்புவதற்குப் பதில் தூண்கள் வைத்தால் கீழ்வழி தயார். இதெல்லாம் வரைபடம் மேசையில் இருக்கும்போது மட்டும்தான் முடியும்.

"இப்போ ரோடு போடுவோம், மிருகத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே விலை கூடிய முடிவு. டெல்லி – டேராடூன் விரைவுச்சாலையில் ராஜாஜி தேசியப் பூங்காவை ஒட்டி 12 கி.மீ. தூரத்துக்குச் சாலையே தூண்கள் மேல் போகிறது. அது திட்டத்தின் பகுதியாகவே வந்தது.

செலவழித்தால் நமக்கு என்ன கிடைக்கும்?

விலங்கு பிழைக்கும், சரி. ஆனால் மனிதரும் பிழைப்பார்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு கடமான் மேல் மோதினால், காருக்குள் இருப்பவர் கதி என்ன? இரவில் இருசக்கர வாகனம் காட்டுப்பன்றி மேல் மோதினால்?

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வாகனம் ஒரு மான் மேல் மோதினால் வண்டிப் பழுது, மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து சராசரியாக 6,617 டாலர். எல்க் எனும் பெரிய மான் என்றால் 17,483 டாலர். வாஷிங்டன் மாநிலத்தில் 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, விபத்து குறைவதால் ஒவ்வொரு கடவழியும் ஆண்டுக்கு 2.35 லட்சம் முதல் 4.43 லட்சம் டாலர் வரை மிச்சப்படுத்துகிறது என்று மதிப்பிட்டது. பான்ஃபில் வேலியும் கடவழிகளும் வந்த பிறகு விலங்கு – வாகன மோதல் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மான், எல்க் இரண்டை மட்டும் எடுத்தால் 96 சதவீதம்.

ஒரு கடவழி பல பத்தாண்டு நிற்கும். அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தில் கட்டினால் போட்ட பணம் திரும்பும். அரிதாக நடக்கும் இடத்தில் கட்டினால் திரும்பாது. அதனால்தான் எந்த இடம் என்ற தகவல் தங்கம் மாதிரி. அந்தத் தகவலில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

பாலம் இல்லாமலே செய்யக்கூடியவை

எல்லா இடத்திலும் பாலம் தேவையில்லை. சில இடங்களில் நேரக் கட்டுப்பாடே போதும். கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நம் ஈரோடு மாவட்டத்தில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பண்ணாரி – திம்பம் சாலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. கட்டுமானச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாளவாடி விவசாயியின் காய்கறி வண்டி, மலைக் கிராமத்து மக்களின் பயண நேரம் என்று அந்த விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

வால்பாறையில் வேறு ஒரு வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலையைக் கடக்கும்போது அடிபடுகிறது. தீயணைப்புக்குப் பயன்படும் கேன்வாஸ் குழாய் போன்ற பொருட்களைக் கொண்டு மரத்துக்கு மரம் சாலைக்கு மேல் மரவழிகள் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் போகின்றன. செலவு குறைவு, பலன் அதிகம்.

முன்கூட்டி எச்சரிக்கும் தொழில்நுட்பமும் உண்டு. 2021 நவம்பரில் கோவை அருகே நவக்கரையில் ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதன் பின், 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் 7.24 கோடி ரூபாயில் செயல்பாட்டுக்கு வந்தன. யானை தடத்தை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும். சாலைக்கும் இது பொருந்துமா? ரயிலுக்கு ஓட்டுநர் ஒருவர், கட்டுப்பாட்டு அறை ஒன்று. சாலையிலோ ஆயிரம் ஓட்டுநர்கள். எச்சரிக்கைப் பலகை மின்னினாலும் வேகத்தைக் குறைப்பது அவரவர் கையில். அதனால் போக்குவரத்து மிகுந்த சாலையில் இது பாலத்துக்குத் துணை. அதற்கு மாற்று ஆகாது.

அடிக்கடி வரும் கேள்விகள்

பாலம் இருக்குன்னு விலங்குக்கு எப்படித் தெரியும்?
வேலி வழிகாட்டும். முதலில் துணிந்து போன விலங்கின் வாசனையும் எச்சமும் மற்றதை அழைக்கும். தாயோடு போன குட்டி பழகிக்கொள்ளும். ஆனால் நேரம் பிடிக்கும். பான்ஃபில் சில விலங்குகள் பழக 5 ஆண்டு வரை ஆனது. திறந்த ஆறு மாதத்தில் "ஒன்றும் வரவில்லையே" என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

குறுகிய வழியில் புலியும் சிறுத்தையும் மானுக்காகக் காத்திருக்காதா?
இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. பான்ஃபில் ஆராய்ந்து பார்த்ததில், கடவழிகள் வேட்டைப் பொறியாக மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நாம் நடந்து போகலாமா, ஆடு மாடு ஓட்டலாமா?
வேண்டாம். மனித நடமாட்டம் இருக்கும் வழியைப் பல விலங்குகள் தவிர்த்துவிடும். படம் எடுக்க இறங்குவதும் அப்படித்தான்.

உங்கள் கைப்பேசியில் என்ன செய்யலாம்?

ஓசூர் – கிருஷ்ணகிரி இடையே சானமாவு காட்டுப் பகுதியில் யானைகள் இதே என்.எச். 44-ஐக் கடக்கின்றன. அந்த மாதிரி இடங்களை அன்றாடம் பார்ப்பவர் நீங்கள்தான்.

இடத்தைப் பதிவு செய்யுங்கள். விலங்கு அடிபட்டுக் கிடந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கேமராவில் இருப்பிடத்தை இயக்கி, தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், கி.மீ. கல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடச் செயலியில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் குறியீட்டைச் சேமியுங்கள். இப்படிச் சேரும் பதிவுகள்தான் நாளைக்குக் கடவழி எங்கே வேண்டும் என்பதற்குச் சான்று.

உயிரோடு இருந்தால் கிட்டே போகாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காட்டு வழியே போவதற்கு முன்பே அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். அவசரம் என்றால் 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

உடைந்த வேலி, அடைபட்ட கீழ்வழி, எரியாத எச்சரிக்கை விளக்கு கண்ணில் பட்டால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க் யாத்ரா செயலியில் படத்தோடு புகார் தரலாம். மாநிலத் துறைகள் சார்ந்தது என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவு செய்யலாம்.

திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே பேசுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படும் திட்டங்களில், கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். அனுமதி கோரும் திட்டங்களின் விவரம் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் இருக்கும். அறிக்கையைத் திறந்ததும் மூன்று விஷயம் தேடுங்கள்: விலங்கு கடக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் அகலமும் உயரமும் சொல்லியிருக்கிறதா, வேலிக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறதா? இல்லை என்றால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எழுத்துமூலமும் கொடுக்கலாம். விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம்.

ஓட்டும்போது, காட்டுச் சாலையில் அந்தி சாய்ந்த பிறகும் விடியற்காலையிலும் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று காத்திருங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், எஞ்சினை உறுமவிடாமல், இடைவெளி விட்டு நில்லுங்கள். உணவுப் பொட்டலத்தைச் சாலையோரம் எறியாதீர்கள். அந்த வாசனைக்கு வந்து அடிபடும் குரங்குகள் ஏராளம்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாலை அகலப்படுத்தப்படப் போகிறது என்று அளவுக்கல் நட்டால், அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். தார் ஊற்றிய பிறகு கேட்டால், அதே பாலத்துக்குப் பல மடங்கு பணமும் பல ஆண்டுகளும் ஆகும்.